மழை நாட்களில் வராத வலி

என்னை இந்த நாள்வரை தாங்கிய ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுதுகிறேன். இது என் இரண்டாவது சாட்சி. முதலாவதைச் சபையில் நின்று சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சாட்சி பிழையாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குருவிட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள் நான். வயது நாற்பத்தெட்டு. கணவர் காலமாகி ஆறு வருடமாகிறது. எனக்கு மகள் ரூத், அவளுக்கு நான், அவ்வளவுதான். எனக்குச் சந்தேக புத்தி அதிகம். பால் நிறுக்கும்போது தராசு முள் ஆடி நிற்கும்வரை நகரமாட்டேன். கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினால் பொட்டலத்தை அங்கேயே பிரித்துப் பார்ப்பேன். ரூத் என்னோடு கடைக்கு வரவே வெட்கப்படுவாள்.

சென்ற வருடம் சித்திரை முடிந்த கையோடு வலி தொடங்கியது. வெட்டிய பாலை வாளியில் சேர்த்து, நிறுக்கும் இடத்துக்கு மேடேறிப் போக வேண்டும். பாதி மேட்டில் நடு நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் இருக்கும். வாளியை இறக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடும். கூட வெட்டுகிறவர்கள் வாயு, கேஸ் என்றார்கள். தோட்டத்து மருந்துசாலையிலும் கேஸ் மாத்திரைதான் தந்தார்கள். இருதயம் என்று மருந்துத் துண்டில் எழுதிவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, நானும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

சபையில் மட்டும் சொன்னேன். பாஸ்டர் ஐயா என் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார். நானும் அழுது ஜெபித்தேன். அந்த வாரம் முழுக்க நல்ல மழை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, அதனால் எல்லோரும் லயத்து வீடுகளிலேயே இருந்தோம். ஆறு நாளும் வலி எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து, "ஆண்டவர் என்னய சொகமாக்கிட்டாரு" என்று சாட்சி சொன்னேன். தராசு முள்ளையே நம்பாத நான் இதை ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கை தட்டினார்கள். ரூத் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

திங்கட்கிழமை வெயில் அடித்தது. வாளியோடு மேட்டில் ஏறினேன். பழைய இடத்திலேயே பழைய வலி.

யாரிடம் சொல்வது? கை தட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சுகமானேன் என்று சொல்லிவிட்டு இல்லை என்றால் ஆண்டவரைப் பொய்யர் ஆக்கிவிடுவேனே! வாயை மூடிக்கொண்டேன். முதலில் என் விசுவாசத்தைச் சந்தேகித்தேன். பிறகு பாஸ்டர் ஐயாவின் ஜெபத்தைச் சந்தேகித்தேன். ஒருநாள் ஆண்டவரையே சந்தேகித்தேன். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பத்து மணிக்கு மேட்டிலேயே விழுந்தேன். பால் முழுதும் கொட்டிவிட்டது. கங்காணி த்ரீவீலர் பிடித்து, ரூத்தையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் மிஸ் நெஞ்சிலும் கைகால்களிலும் வயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். இரத்தமும் எடுத்தார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் அம்மா வந்தார், நாங்கள் நோனா என்போம். அவர் கேட்டதும் நான் பதில் சொன்னதும் சிங்களத்தில்தான்.

"அம்மா, இதுக்கு முன்ன இந்த வலி வந்திருக்கா?"

"இல்லிங்க நோனா."

"மேடு ஏறுறப்ப நெஞ்ச அடைக்குதா?"

"இல்லிங்க. வாளி தூக்குனதுல புடிச்சிக்கிச்சி."

ரூத் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு முன்னால் எப்படி ஆமாம் என்பேன்? ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. முதல் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. வயதான டாக்டர் ஒருவர் தாள்களைப் பார்த்துவிட்டு, "கெதர யவமு" என்றார். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் அந்த நோனா விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சக்கரம் வைத்த ஒரு ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தேகம் தலைக்கேறியது. தாளெல்லாம் நன்றாக இருக்கும்போது இது எதற்கு? படிக்கிற பிள்ளை, கை பழக என்னைப் பிடித்திருக்கிறதா? ஸ்கேன் என்பது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எடுப்பதல்லவா?

"வயித்தப் பாக்குற மெஷின எதுக்குங்க நெஞ்சில வைக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"இருதயம் எப்படி அடிக்குதுன்னு இதுல கண்ணால பாக்கலாம் அம்மா. அஞ்சு நிமிசம்தான்," என்றார் நோனா.

இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் கூழ் மாதிரி எதையோ குளிரக் குளிரப் பூசினார்கள். "ஆண்டவரே, ஒண்ணும் தெரியக் கூடாது. உம்ம பேரு கெட்டுறக் கூடாது," என்று ஜெபித்தேன். ரூத் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இன்று லயத்துக்குப் போய் நாளை அதே மேட்டில் செத்தால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. என் ஜெபம் அந்த இடத்தில் மாறியது. "நான் பொய் சொல்லிட்டேன் ஆண்டவரே. நீர் பொய் சொல்ல மாட்டீர். உள்ள இருக்கிறதக் காட்டிரும்."

நோனாவின் கை நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். வயதான டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மெஷினை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் என் இருதயம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் நன்றாகச் சுருங்கி விரிந்தது. மற்றப் பக்கம், பானையில் கொதி வராத ஓரம் மாதிரி, சும்மா கிடந்தது.

"அந்தப் பக்கத்துக்கு இரத்தம் சரியாப் போகல. அம்மா, இப்ப உண்மையச் சொல்லுங்க. மேடு ஏறுறப்ப வலிக்குமா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சித்திரை முடிந்ததிலிருந்து வரும் வலி, எண்ணெய், மழை வாரம், சாட்சி, எல்லாம். நோனா பௌத்தர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மழை பெஞ்ச அந்த ஆறு நாளும் நீங்க மேடு ஏறலயே அம்மா," என்றார் மெதுவாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரூத்தைப் பார்த்தேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள். அந்த வார்த்தை நெஞ்சு வலியைவிட அதிகமாக வலித்தது.

சில மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் மாரடைப்பு என்று தெரிந்தது. அம்புலன்ஸில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்திருந்த இரத்த நாளத்தைத் திறந்து, சின்னக் கம்பி வலை ஒன்று வைத்தார்கள். ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தேன். வேலையை விட்டும் நிறுத்தவில்லை. இப்போது சமதரையில் ரப்பர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதல் சாட்சியைத் திருத்த வேண்டும் என்று பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன். "அத வெளிய சொல்லணுமாக்கா?" என்று தயங்கினார். சொன்னேன். ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார், ஆனால் நான் சொன்ன விதத்தில் அல்ல, அந்த மெஷினும் அந்த நோனாவின் கண்ணும் அவர் எனக்குத் தந்த பதில் என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. போர்வைக்குள் ஒளிந்தவளைப் பிடித்து வெளியே நிறுத்தியதுபோல் கூசிப்போனேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு பாஸ்டர் ஐயா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"அக்கா, எனக்கும் நெஞ்சு வலிக்குது. மூணு மாசமா. ஜெபிக்கிறவனே எப்புடிச் சொல்றதுன்னு..."

மறுநாள் காலையில் நானே அவரை அந்த நோனா இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எல்லாம் பார்த்து, ஸ்கேனும் செய்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கேஸ் என்றார் நோனா. நான் நம்பவில்லை. திரையை எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல அடித்தது. அதன் பிறகுதான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

இதை எழுதச் சொன்னதும் பாஸ்டர் ஐயாதான். பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நானும் அவரைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் பெயரைக் காப்பாற்றுவதற்காக வலியை மறைக்காதீர்கள். அவர் பெயர் கெட்டுப்போகாது. இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது மேட்டில் நெஞ்சு அடைத்தால், அல்லேலூயா பிறகு சொல்லலாம். முதலில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.