புள்ளியைத் தூக்கி எறிந்த வரி

என் அக்காவுக்கு வீட்டில் 'மூணுதடவை' என்று பெயர். வைத்தது அத்தான். வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். நின்றுவிட்டால் என்ன செய்வது என்று லிஃப்டில் ஏறவே மாட்டாள். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று முகம் வெளுத்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று நானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு செய்வதில்லை.

அக்கா ஒரு கூரியர் அலுவலகத்தின் பின்னறையில் பார்சல் முகவரிகளைக் கணினியில் ஏற்றுகிறாள். பின்கோடு தப்பாக இருந்தால் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதலாமே என்று ஆரம்பித்து, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, தட்டுத்தடுமாறித் தானே கற்றுக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பில் இருந்த மகள் கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டபோது, அவளுக்காக மனக்கணக்குப் பழகும் மென்பொருள் ஒன்றை எழுதினாள். அதில் கடிகாரம் ஓடாது. சிவப்புக் குறி விழாது. விடை தப்பென்றால், 'இன்னொரு தரம் பார்ப்போமா?' என்று மட்டும் வரும்.

அதில் அவளுக்குச் செல்லமான வரி ஒன்று இருந்தது. குழந்தைகள் பிசுபிசுத்த விரலோடு தட்டும்போது நடுவில் கமா விழும், இடைவெளி விழும், புள்ளி விழும். சரியான விடை போட்ட பிள்ளையிடம் அதற்காகத் தப்பு என்று சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால் இலக்கங்களைத் தவிர எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ஒப்பிடும்படி அந்த வரியை எழுதினாள்.

"பாத்தியா? கை தவறினா இது திட்டாது" என்று என்னிடம் காட்டிக் காட்டிப் பூரித்துப்போனாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்கென்ன தெரியும்?

அத்தான் நச்சரித்துத்தான் அதைத் திறந்த மூலமாக இணையத்தில் போட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். போடுவதற்கு முன் மூன்று மாதம் பயந்தாள். படித்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்களாம். ஒருவரும் சிரிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் வகுத்தலைச் சேர்த்து அனுப்பினார், இன்னொருவர் எழுத்தைப் பெரிதாக்கித் தந்தார். யார் யார் எடுத்துப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் வசதியை மட்டும் அக்கா வைக்கவே இல்லை. அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என் போன் அடித்தது.

"ஏய், உடனே என் ஆபீசுக்கு வா."

"யாருக்கு என்னக்கா?"

"யாருக்குன்னு தெரியலடீ. அதுதான் பயமா இருக்கு."

ஓடினேன். பார்சல்களுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கடிதம். வெளியூரிலிருந்து ஒரு நர்சிங் கல்லூரி ஆசிரியை எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் மென்பொருளை எடுத்து, கேள்விகளை மட்டும் மருந்து அளவுக் கணக்குகளாக மாற்றிக்கொண்டார்களாம். மாணவிகள் ஆசையாகப் பழகுகிறார்களாம். நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். '2.5 என்று போட வேண்டிய இடத்தில் ஒரு மாணவி 25 என்று போட்டாள். சரி என்று வந்தது. நாங்கள் எதையாவது மாற்றி வைத்துவிட்டோமா?'

"அவங்க ஒண்ணும் மாத்தல" என்றாள் அக்கா. "என் வரிதான். சரியான விடையில இருக்கற புள்ளியையும் அது தூக்கிப் போட்டுடும். ரெண்டரையும் இருபத்தஞ்சும் அதுக்கு ஒண்ணுதான். பத்து மடங்குடீ. குழந்தைக்குப் போடற ஊசியில பத்து மடங்கு."

எனக்கு ஆசிரியை மேல் கோபம் வந்தது. "நீ சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே எழுதின? எடுத்தவங்க பாத்து எடுத்திருக்கணும்."

"எல்லாத்தையும் மூணு தடவை பாப்பேன். இத ஒரு தடவைகூடத் திரும்பப் பாக்கல. நல்லதுன்னு நெனச்சேன், அதான் பாக்கல."

பத்து நிமிடத்தில் வரியைத் திருத்திவிட்டாள். ஆனால் ஏற்கெனவே பிரதி எடுத்துப் போனவர்களின் கணினியில் பழைய வரி அப்படியேதானே இருக்கும்? அந்த ஆசிரியைக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். இப்போது படிப்பவர்கள் இதில் பழகுவதை இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்றார் ஆசிரியை. ஆனால் இதில் பழகிப் படிப்பை முடித்த முதல் அணி மாணவிகள் பதினெட்டுப் பேர் ஆறு மாதமாகவே மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். பட்டியலை அனுப்பினார். அதில் ஒருத்தி எங்கள் ஊர்க் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தாள்.

"போன் பண்ணிச் சொல்லேன்" என்றேன்.

"ஊசியைக் கையில வச்சிருக்கறப்ப போன எடுப்பாளா?"

மருத்துவமனையின் நான்காவது மாடி. படிகளில் அவள் ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே ஏதாவது குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டால் எப்படித் தாங்குவது என்று இருந்தது.

அந்த நர்ஸ் மருந்துத் தள்ளுவண்டியில் சீசாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். கல்லூரி ஆசிரியை சொல்லி வந்தோம் என்றதும் முகம் மலர்ந்தாள்.

அக்கா நேராகக் கேட்டாள். "ஒரு குழந்தை பன்னெண்டு கிலோ. கிலோவுக்குப் பாயிண்ட் ஒண்ணு மில்லி மருந்து. எவ்வளவு எடுப்பம்மா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "பன்னெண்டு."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. எங்கள் முகத்தைப் பார்த்த நர்ஸ் வெலவெலத்துப்போனாள்.

"தப்பா? ஐயோ, ஒண்ணு புள்ளி ரெண்டு... இங்க தினமும் இதே கதைதான். ரெண்டு பேர் தனித்தனியாக் கணக்குப் போட்டு ஒத்து வந்தாத்தான் மருந்த எடுக்கலாம். என்னோடது அடிக்கடி ஒத்து வராது. பெரிய சிஸ்டர் நிறுத்திடுவாங்க. காலேஜ்ல கம்ப்யூட்டர்ல பழகும்போது நூத்துக்கு நூறு எடுப்பேன். இங்க வந்ததும் மூளை கலங்கிடுச்சோன்னு பயமா இருக்கு. வேலைக்குக் கிளம்பினாலே வயித்து வலி வந்துடுது."

வயிற்றுவலி என்றதும் அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"அந்தக் கம்ப்யூட்டர் கணக்க எழுதினது நான்தாம்மா. அது புள்ளியப் பாக்காது. நீ தப்பாப் போட்டப்பல்லாம் சரின்னு சொல்லியிருக்கு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு மூளை கலங்கலையா?"

"இல்லம்மா. தப்பு என்னோடது."

அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வந்தார். முழுவதையும் கேட்டார். அவர் முகத்திலும் ரத்தம் வற்றியது. "ஒவ்வொரு தடவையும் நான் பாத்தேன், சரி. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ரெண்டாவது ஆள் பாக்கறாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் அனுமதியோடு அக்கா மடிக்கணினியைத் திறந்து புதிய பதிப்பை ஓட்டினாள். நர்ஸ் வேண்டுமென்றே 12 என்று போட்டாள். 'இன்னொரு தரம் பார்ப்போமா?' என்று வந்தது. 1.2 என்று போட்டாள். சரி. மறுபடி வேறு கணக்கு. அரை மணி நேரம் இருவரும் தலையைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள். மீதி பதினேழு. நான் வழக்கம்போலப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"லிஃப்டா? நீயா?"

"படியில இறங்க நேரம் இல்லடீ. அடுத்தவ பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில, டூட்டி நாலு மணிக்கு ஆரம்பிக்குது."

கதவு மூடியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் பட்டியலைப் பிரித்து அடுத்த பெயரைப் பார்த்தாள்.

"இந்தக் காலேஜ் எழுதிக் கேட்டுச்சு. எழுதிக் கேக்காம எடுத்துட்டுப் போனவங்க எத்தனை பேருடீ?"

லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது.