ஒப்பிடுவதற்கான ரத்தம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக, பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, அவர்களுக்குச் சொந்தமில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். ஊசி என்றாலே எல்லோரும் நழுவியதால் என்னுடையதையே எடுத்து வைத்துவிட்டேன்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு வீட்டில், தாய்மாமனையே கட்டிக்கொண்ட ஓர் அம்மாவிடம் மூன்று தலைமுறை உறவைக் கேட்டு எழுதினேன். முடித்ததும் அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார்.

"ஒங்க அம்மாவுக்கு எந்தூரு?"

"செம்பட்டி."

"அங்க யாரு வீடு?"

சொன்னேன்.

"ஏத்தா, எங்க தாத்தாவோட தங்கச்சியக் குடுத்த வீடுல்ல அது! நீ நம்ம புள்ளையா? இருந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். மறுநாள் ஆய்வகத்தில், 'சொந்தமில்லாதவர்' என்று எழுதி ஒட்டியிருந்த என் ரத்தக் குழாயைக் கழிவுப் பையில் போட்டேன்.