யாரும் பேசாத வீரன்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு கடை மாடியில் மணிக்கணக்கில் கணினி வாடகைக்குக் கிடைக்கும். வேலை முடிந்து நான் அங்கே போவேன். அங்கேதான் அந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தேன். அகன்ற தோள், நரைத்த மீசை. கணினியைத் தொடும் முன் தவறாமல் கை கழுவிவிட்டு வருவார்.

எல்லாரும் ஆடிய விளையாட்டைத்தான் அவரும் ஆடினார். வாளேந்திய வீரனாக ஊர் ஊராகப் போய், அங்குள்ளவர்களிடம் பேசி, அந்த நாட்டின் பழங்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவருடைய வீரனைக் கண்டதும் திரையில் எல்லாரும் விலகி ஓடினார்கள்.

“ஏண்ணே யாரும் பேச மாட்றாங்க?”

“மொத நாளே ஒரு படகுக்காரனக் கொன்னுட்டேன் தம்பி. சும்மா, என்னா ஆவும்னு பாக்க.”

மூன்று மாதமாக அப்படியே ஊர் ஊராக நடக்கிறாராம். எனக்குப் பாவமாக இருந்தது. புது டிஸ்கெட்டில் விளையாட்டைப் பிரதி எடுத்து நீட்டினேன்.

“மொதல்லேருந்து ஆடுங்கண்ணே. யாருக்கும் ஒண்ணும் தெரியாது லா.”

அவர் அதை வாங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்குத் தெரியுமே. லகாட் ரோட்டுல ஒரு ஆள இடிச்ச அன்னிக்கும் யாரும் பாக்கல. நான் லாரிய நிப்பாட்டல.”

பிறகு அடுத்த ஊருக்குள் நுழைந்தார்.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று என் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.