நூறு கிராம் சோறு

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது இரண்டாயிரத்து எட்டில். கடலூரில் பார்த்த டாக்டர் சீட்டில் ஒரே வரிதான் எழுதினார்: மதியம் நூறு கிராம் சோறு அல்லது அதற்கு ஈடானது. சிதம்பரம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆன மனிதரிடம் 'அல்லது' என்று எழுதிக் கொடுக்கலாமா? அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

எங்கள் வீட்டில் கிராம் என்பது நகைக்கு மட்டும். அரிசிக்கு டம்ளர். அதனால் அம்மா வடித்த சோற்றைத் தூக்கில் போட்டு, தெருமுனை மளிகைக் கடைக்கு என்னை அனுப்பினாள். முதலில் காலித் தூக்கை எடை போட வேண்டும், பிறகு சோற்றோடு. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எண்ணெய் வாங்க நின்றவர்களெல்லாம் என்னையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தராசில் ஒரு பருக்கை சிந்தக் கூடாது என்று கடைக்காரர் கண்டிஷன் போட்டார். ஒருவழியாகத் தெரிந்தது, நூறு கிராம் சோறு எங்கள் காப்பி டம்ளரில் முக்கால்தான்.

அப்பா அதை ஏற்கவில்லை. நூறு கிராம் என்றால் அரிசியாக இருக்கும்போது என்றார். கிளினிக்குக்கு போன் செய்து கேட்டேன். வெந்த சோறுதான் என்று நர்ஸ் சொன்னார். போனில் சொன்னது சாட்சியாகாது என்று அப்பா தள்ளுபடி செய்துவிட்டார். பிறகு டம்ளரில் சோற்றை விரலால் அமுக்க ஆரம்பித்தார். அம்மா அதைக் கொட்டி, உதிர்த்து, மறுபடி அளந்தாள். சோறு ஆறியதுதான் மிச்சம்.

மறுநாள் அப்பா கட்சி மாறினார். டம்ளர் கணக்கே ஏமாற்று, எடைதான் நியாயம் என்றார். சோற்றுக்கு ஈடாக நூறு கிராம் பொரி வாங்கி வந்திருந்தார். பை சின்னத் தலையணை மாதிரி இருந்தது. அம்மா அசரவில்லை. அதே டம்ளரில் முக்கால் அளவு பொரி எடுத்து வைத்து, இதுதான் ஈடு என்றாள். கனமான பண்டம் என்றால் அப்பாவுக்கு டம்ளர், அம்மாவுக்கு எடை. லேசான பண்டம் என்றால் அப்படியே தலைகீழ். பண்ருட்டியிலிருந்து பலாச்சுளை வந்த அன்று, டம்ளரில் இரண்டு சுளைகூட அடங்காது என்பதால், கொட்டையைக் கழித்து எடை போடச் சொல்லி அப்பா என்னைக் கடைக்கு விரட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே தராசைத் துணியால் மூடினார்.

எனக்கு இருவர் மேலும் எரிச்சல். ஆனால் அம்மாவைத் திட்ட மனசு வராது. அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிக் காலை எடுத்திருந்தார்கள். அதே கதி அப்பாவுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவள் அந்த டம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து மூன்று பேரும் கடலூர் போனோம். அப்பாவுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் பாராட்டினார். கூட வந்த அம்மா ரொம்பச் சோர்ந்து தெரிகிறாளே என்று அவளையும் எடை மெஷினில் ஏறச் சொன்னார் நர்ஸ். எங்கள் ரேஷன் கார்டு போட்டோவிலிருக்கும் அம்மாவில் பாதிதான் அங்கே நின்றாள். அதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"அவரு எதிர்ல ஒக்காந்துகிட்டு நான் மட்டும் எப்புடிங்க ஜாஸ்தி சாப்புடறது? எனக்கும் அதே நூறு கிராம்தான்" என்றாள் அம்மா.

பஸ் பிடித்துச் சிதம்பரம் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவை உட்காரவைத்து அப்பாவே சோறு போட்டார். போதும் போதும் என்று அவள் கையால் தட்டை மறைத்தாள்.

"கைய எடு. டாக்டர் அந்தச் சீட்ட ஒனக்கு எழுதல" என்றார்.

அம்மா குனிந்தபடி சாப்பிட்டாள். அவள் முடிக்கும்வரை அப்பா தன் தட்டைத் தொடவில்லை.