தப்பு விடைக்குக் கத்திய கழுதை

கல்வித் தொழில்நுட்பப் பேராசிரியர் என்றதும் குளிரூட்டிய அறையில் மிடுக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்தீர்களானால் ஏமாந்துதான் போவீர்கள். இந்த அம்மாவின் தோள்பையைக் கவிழ்த்தால் ஒயர்தான் கொட்டும். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பெயரே ஒயர் மேடம். தனக்கு வகுப்பில்லாத நாளில் எந்தப் பள்ளியில் பிள்ளைகளின் டேப் கணினிக்குச் சார்ஜ் ஏறவில்லை, எந்த ஆசிரியைக்குத் திரையைப் பார்த்தாலே கை உதறுகிறது என்று தேடிக்கொண்டு போய்விடுவார். "இதுக்கெல்லாம் உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று சக பேராசிரியர்கள் கேட்டால், "டீ கிடைக்குது" என்பார்.

ஆய்வு மாணவர்களிடம் மட்டும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவரிடம் ஆய்வு செய்ய வந்து சேர்ந்திருந்தார். மேடத்தைவிடப் பத்து வயது மூத்தவர். வழிகாட்டி வருகிறாரே என்று மாணவர் எழுந்து நிற்பார். பெரியவர் நிற்கிறாரே என்று வழிகாட்டியும் நிற்பார். பாதி ஆலோசனை நின்றபடியே முடிந்துவிடும்.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது மேடமே உருவாக்கிய கணக்குச் செயலியை. சரியான விடையை அமுக்கினால் கைதட்டல் வரும். தப்பாக அமுக்கினால் கழுதை கத்தும். அந்தக் கழுதை வேறு யாருமில்லை, மேடத்தின் கணவர். தபால் நிலையத்தில் எழுத்தர். நாலு பேர் நடுவில் வாயே திறக்காத கூச்ச சுபாவி. ஆனால் கழுதை மாதிரி கத்தச் சொல்லிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். பதிவு செய்த அன்று, எதிரொலி நன்றாக இருக்கும் என்று குளியலறையில் நின்று கத்த, பக்கத்து வீட்டுக்காரி பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள்!

செயலி பள்ளிகளுக்குப் போய்ச்சேர்ந்த அதே வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். ஊரார் குரலையெல்லாம் பாடத்துக்குப் பதிவு செய்த மகராசிக்கு, கட்டிய கணவன் பேசுவதைப் பதிவு செய்துவைக்கத் தோன்றவில்லை பாருங்கள். மிஞ்சியது அந்தக் கத்தல் ஒன்றுதான். பள்ளி வராந்தாவில் போகும்போது ஏதாவது ஒரு வகுப்பிலிருந்து அது கேட்கும், கூடவே பிள்ளைகளின் சிரிப்பும். அதைக் கேட்பதற்காகவே மேடம் மெதுவாக நடப்பார்.

தலைமையாசிரியரோ நான்காவது அத்தியாயத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்.

"சார், போன மாசம் பல்வலி, இந்த மாசம் முதுகுவலி. அத்தியாயத்துக்கு என்ன வலி?"

"எழுதியாச்சு மேடம். குடுக்கத்தான் மனசு வரல."

"ஏன், தப்பா வந்திருக்கா?"

"சரியா வந்திருக்கு. அதான் கஷ்டம். தாள்ல சரியாப் போடுற பிள்ளைங்க, டேப்ல வேணும்னே தப்பாப் போடுதுங்க. நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க."

மேடம் போய்ப் பார்த்தார். முன்பல் விழுந்த ஒரு பெண் விரல்விட்டு எண்ணினாள், "ஏழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பிறகு ஒன்பதை அமுக்கினாள். கழுதை கத்தியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏழுன்னு தெரியும்ல, ஏம்மா ஒன்பது அமுக்கின?"

"ஏழு அமுக்கினா வெறும் கைதட்டல்தான் மிஸ் வரும்."

வராந்தாவுக்கு வந்ததும் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும்.

"இத விட்டுட்டு வேற தலைப்பு எடுத்துக்கிறேன் மேடம். இந்த வயசுல பட்டம் வாங்கி நான் என்ன கோட்டையா பிடிக்கப்போறேன்?"

முதல் தடவையாக அவர்மேல் மேடத்துக்குக் கோபம் வந்தது. "என் புருஷன் குரலுக்காக இந்தப் பிள்ளைங்க கணக்கு வீணாப்போகணுமா? கண்டதக் கண்டபடி எழுதுங்க சார். ஒரு வரி குறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

பெரியவர் சும்மா இருக்கவில்லை. கழுதையைச் சரியான விடைக்கு மாற்றிப் பார்க்கலாமே என்றார். மாற்றிப் பார்த்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்! யோசிக்கவே யோசிக்காமல், கழுதை வரும்வரை எல்லா விடையையும் வரிசையாக அமுக்கித் தள்ளினார்கள். ஆக, கழுதை போயே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

அதை நீக்கும் வேலையை மேடம் வேறு யாரிடமும் விடவில்லை. ஒலிக்கோப்பு அவரிடம் இருக்கத்தான் போகிறது. ஆனால் மடிக்கணினிக்குள் அது சும்மா கிடப்பதும், ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதும் ஒன்றா? உயிரோடு இருந்தபோது நாலு பேர் நடுவில் பேசத் தெரியாத மனுஷன் அங்கேயாவது கலகலவென்று இருந்தார். வேலையை முடித்துவிட்டு, துறை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மேடம் அழுதார்.

புதிய செயலியை எடுத்துக்கொண்டு இருவரும் அதே வகுப்புக்குப் போனார்கள். முன்பல் விழுந்தவள் ஒன்பதை அமுக்கினாள். 'மறுபடி முயற்சி செய்' என்று எழுத்து மட்டும் வந்தது. அவள் டேப்பைக் குலுக்கிப் பார்த்தாள், காதில் வைத்துப் பார்த்தாள்.

"மிஸ், கழுதை எங்க?"

தலைமையாசிரியர் ஏதோ சமாளிக்க வாயெடுத்தார். மேடம் கையமர்த்தினார்.

"இனிமே வராதும்மா."

"செத்துப்போச்சா மிஸ்?"

பிள்ளையிடம் பொய் சொல்ல மேடத்துக்கு மனம் வரவில்லை. "ஆமாம்மா" என்றார்.

அந்தப் பெண் டேப்பைக் கீழே வைத்தாள். "பரவால்ல மிஸ், எங்களுக்கு வரும்" என்றவள், கழுத்தை நீட்டிக் கத்தினாள். அடுத்தவன் சேர்ந்துகொண்டான், அதற்கடுத்தவள், பிறகு வகுப்பு மொத்தமும். சும்மா ஏதோ ஒரு கழுதை இல்லை அது. முதலில் இழுத்து, நடுவில் உடைந்து, கடைசியில் விக்கல் மாதிரி ஒரு வெட்டு. அவருடைய கத்தல், அப்படியே.

பக்கத்து வகுப்பு ஆசிரியை பிரம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன மேடம் இது அமர்க்களம்? நீங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மேடம் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"கண்ணுங்களா," என்றார், "இன்னொரு தடவ கத்துங்க."