ஈயக்காவின் மியூவான் கணக்கு

இயற்பியல் துறையின் அடித்தளத்தில் ஆராய்ச்சி செய்தவரை எல்லோரும் ஈயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படித்தவள் இப்படி ஈயக் கட்டி சுமக்கலாமா என்று யாராவது அங்கலாய்த்தால், "தூக்காம எப்படி ஆராயறது?" என்பார்.

வானத்திலிருந்து மியூவான் என்ற நுண்துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. கூரை, சுவர், ஆள் என்று பாராமல் துளைத்துக்கொண்டு போகும். ஈயம் கொஞ்சத்தைத் தடுக்கும். ஈயக்கா ஒரு மர மேசைமேல் ஈயத்தை அடுக்கினார். மேசையின் அடியில் ஓர் உணர்பெட்டி தொங்கியது. நேர்கீழே தரையில் இன்னொன்று. இரண்டையும் துளைத்த துகள் மட்டுமே கணக்கில் சேரும். ஈயம் ஏற ஏற எண்ணிக்கை இறங்க வேண்டும். அதுவும் ஏறியது. குடை பிடித்தவன் கூடுதலாக நனைந்த மாதிரி.

பேராசிரியர் பூரித்துப்போனார். "கட்டுரையை அனுப்பிடலாம்மா. உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்ல எனக்கும் வாய் இருக்கும்."

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஒருவருக்கும் புரியாத ஒன்றுதான் ஈயக்காவின் சோற்றுக்கு உத்தரவாதம்.

குடியிருப்பு அண்ணன் வீட்டில். ஒரு மாலை நெற்றிப் புடைப்போடு வந்தவரைப் பார்த்து அண்ணி சிரித்தார்.

"மறுபடியும் மேசைக்கடியில இடிச்சுக்கிட்டியா?"

"வயரைச் சரிபண்ணப் போனேன் அண்ணி. முன்னெல்லாம் இடிக்காது."

"பெரிசா கண்டுபிடிச்சதுல தலை வளந்துடுச்சு போல."

"தலை அதேதான்..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் பெட்டிகளின் இடைவெளியை அளந்தார். ஆரம்பத்தில் ஒருமுறை அளந்ததோடு சரி, பிறகு அளக்கவே இல்லை. மியூவானை அத்தனை சந்தேகப்பட்டவர் மேசையைச் சந்தேகப்படவே இல்லை. பாரம் தாங்காமல் பலகை வளைந்து, தொங்கிய பெட்டி தரைப்பெட்டியை நெருங்கியிருந்தது. நெருங்கினால், சாய்வாக வரும் துகள்களும் இரண்டிலும் விழும். ஈயம் தடுத்ததைவிட மேசை சேர்த்துக்கொடுத்தது அதிகம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்கும். போய்ச் சொன்னார்.

பேராசிரியர் கட்டுரைத் தாள்களை இழுப்பறைக்குள் தள்ளினார். "அனுப்பின பிறகு சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும். இப்போ உன் வேலைதான் போகுது." நன்றி சொல்கிறாரா, திட்டுகிறாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

மீதி நாட்களில் ஈயக்கா மேசைக்கு நடுவில் முட்டுக் கொடுத்து, முதலிலிருந்து அளந்தார். எண்ணிக்கை ஒழுங்காக இறங்கியது. அந்த வரைபடம் ஒருவருக்கும் தேவைப்படாததால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈயம் வெச்சா குறையும்னுதான் முதல்லயே சொன்னியே. இதுக்கா வேலையை விட்டே?"

"இதுக்குத்தான் அண்ணி" என்றார் ஈயக்கா, நெற்றியைத் தடவிக்கொண்டே.