சுவரில்லாத வீட்டின் சாவி

போன மாதம் தங்கச்சியின் மகன் கட்டிய புது வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று சாவித் துவாரத்தைத் தேடுகிறேன், துவாரமே இல்லை. மருமகன் சிரித்துக்கொண்டு வந்து பெருவிரலைக் கதவில் வைத்தான். 'கிணிங்' என்று ஒரு சத்தம், கதவு திறந்துகொண்டது. "விரல்தான் மாமா சாவி" என்றான். கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்காரன் ஒருவன் மண் வெட்டியதிலிருந்து விளக்குப் போட்டது வரைக்கும் எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மருமகன் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஏனென்றால் இதே வளவில், சண்டைக் காலத்தில், முதல் வீட்டைக் கட்டிய கொந்தராத்துக்காரன் நான்.

உள்ளே போனதும் புதுச் சீமெந்து வாசம் மூக்கில் ஏறியது. அந்த வாசம் வந்தால் எனக்கு உடனே அம்மாவின் கட்டில் ஞாபகத்துக்கு வரும். அதற்கடியில்தான் என்னுடைய சீமெந்து மூட்டைகளை வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேசுவது மாடில்லாமல் வண்டி கட்டுவது போல. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தங்கச்சிக்கு இருந்த ஒரே அண்ணன் நான். மாப்பிள்ளை கட்டாருக்குப் போகக் காத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய், நாங்கள் மாமி என்போம், பளிச்சென்று சொல்லிவிட்டார்: "இந்த மாதத்துக்குள்ள வாசல் நிலையாவது வையுங்க. இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிறம்." தங்கச்சி அன்றிரவு சோறு தின்னவில்லை. அவளுக்கு அந்த மனிசனைப் பிடித்திருந்தது.

வேலையை ஒப்புக்கொண்டிருந்த கொந்தராத்துக்காரர் கொழும்புக்குப் போய் வாறன் என்று போனார், கனடாவுக்கே போய்விட்டார். அவ்வளவுதான், நான் இறங்கினேன். நான் யார்? சங்கக்கடையில் சீனி நிறுக்கிற கிளாக்கர். ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரெல்லாம் சொன்னேன், "கொந்தராத்து நான்தான்." அந்தக் காலத்தில் சீமெந்து எடுப்பதே பெரும்பாடு. பங்கர் கட்டப் போகிறாயா என்று ஆமிக்காரன் காவல் நிற்கிற சென்றியில் கேட்பார்கள். ஒவ்வொரு மூட்டையாக அனுமதிக் கடிதம் காட்டிச் சைக்கிளில் கொண்டு வந்து அம்மாவின் கட்டிலுக்கடியில் வெறும் மண் தரையில் அடுக்கினேன். மாரி வந்தது. நிலம் ஈரம் குடித்தது, மூட்டைகளும் குடித்தன. வெளியில் இழுத்தபோது பாதி மூட்டைகள் தலையணை வடிவத்தில் கல்லாகியிருந்தன.

"பரவாயில்ல தம்பி, வாசல்படிக்கு ஆச்சு" என்றார் மேசன் காக்கா. ஏறாவூர் முஸ்லிம் ஆள், அவர்களில் மூத்தவரைக் காக்கா என்போம். பொலன்னறுவைப் பக்கம் எல்லாம் வேலை செய்து சிங்களம் நன்றாகப் பேசுவார். என்னைத் திட்ட வேண்டிய இடத்திலெல்லாம் சிரிப்பார், அதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

என்னுடைய அடுத்த சாதனை கதவு. ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்திடம் பழைய முதிரை மர நிலையொன்று கிடைத்தது. கதவும் பூட்டும் சாவியும் சேர்த்தே தந்தார்கள். நான் எல்லாவற்றையும் அப்படியே வண்டியில் ஏற்றி வந்தேன். காக்கா தலையில் கை வைத்தார்.

"தம்பி, நிலை வைக்கிற அண்டைக்கே கதவையும் பூட்டுற ஆள நான் இண்டைக்குத்தான் பாக்கன்."

"கள்ளன் வந்தா?"

"சுவரே இல்லியே, கள்ளன் எதுக்குக் கதவால வாறான்?"

 கொந்தராத்துக்காரன் நானல்லவா, கதவையும் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றேன்.

நிலை வைக்கும் நாள் வந்தது. பஞ்சாங்கத்தில் இரண்டு நேரம் பார்த்துத் தந்திருந்தார்கள். விடியற்புறம் நிலையை நிறுத்துவது, வெயில் ஏறினதும் தங்கச்சி நிறைகுடத்தோடு வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வருவது. நிலையை நிறுத்தி, காலடியில் சீமெந்தை இறுக்கி, இரண்டு பக்கமும் கம்பு முட்டுக் கொடுத்து, மாவிலை கட்டியாயிற்று. சுற்றிவர அத்திவாரக் கிடங்கு, அதற்கு மேல் காக்கா கட்டிய நூல். அவ்வளவுதான் வீடு. அந்த இடைநேரத்தில் ஆடோ கோழியோ தங்கச்சிக்கு முதல் வாசலால் போய்விடக் கூடாதென்று அம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டா.

"ஆடு சுத்தி வந்தா என்னம்மா செய்யிற?" என்று கேட்டேன்.

"சுத்தி வந்தா வரட்டும் மனே. வாசலால வரப்படாது."

இப்படி நானும் அம்மாவும் காக்காவும் 'உள்ளே', தங்கச்சி குடத்தோடும் மாமி விளக்கோடும் 'வெளியே' நேரம் பார்த்து நிற்கையில், வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்குள்ளிருந்து ஆமி வந்தது. சுற்றிவளைப்பு.

அவர்கள் நேரே வளவுக்குள் நடந்து வந்திருக்கலாம். ஆனால் நூலைக் கண்டுவிட்டார்கள். அந்த நாளில் தரையோடு ஓடுகிற நூலைக் கண்டால் ஆமி என்ன, எங்கள் ஊர் மாடும் நிற்கும். எது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? முன்னால் வந்த ஒபிசர் கையை உயர்த்தினார், எல்லாரும் நின்றார்கள். அவர் இடப்பக்கம் பார்த்தார், நூல். வலப்பக்கம் பார்த்தார், நூல். நடுவில் ஒரு கதவு. படியாகக் கிடந்த என் சீமெந்துத் தலையணையில் ஏறி நின்று கதவைத் தட்டினார்.

"யார் உள்ள?"

"நான்தான் ஐயா" என்றேன். அவருக்கு மூன்றடி தள்ளி, முழு உருவமும் தெரிய நின்றுகொண்டுதான் சொன்னேன்.

"கதவு தொற."

நிலை ஆடியது. காக்கா பாய்ந்து போய்க் கட்டிப்பிடித்தார். "அல்லாவே, தட்டாதீங்க, இன்னும் காயல்ல!"

நான் அம்மாவிடம் கையை நீட்டினேன். "சாவியத் தாங்கம்மா."

"தரமாட்டன். புள்ளைக்கு முதல் ஆரும் இதால வரப்படாது."

"அம்மா, துவக்கோட நிக்கிறாங்க!"

"நிக்கட்டுமே. நேரம் இன்னும் வரல்ல."

 அங்கால மாமியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கலியாணம் பாதி முறிந்திருந்தது. தங்கச்சியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நிலையைக் கட்டிப்பிடித்தபடியே காக்கா சிங்களத்தில் ஏதோ சொன்னார். நல்ல நேரம், பெண், கலியாணம் என்று எனக்கு அரைகுறையாக விளங்கியது. ஒபிசர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார், காக்கா விரலால் கொஞ்ச நேரம் என்று காட்டினார். அவர்களும் நல்ல நேரம் பார்க்கிறவர்கள்தானே. ஒபிசர் படியிலிருந்து இறங்கித் தள்ளி நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு படைப்பிரிவு முழுக்கத் துவக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் தங்கச்சியின் சுபநேரத்துக்காகக் காத்து நின்றது.

நேரம் வந்ததைச் சொன்னதும் ஒபிசர்தான். அம்மா பூட்டைத் திறந்தா. தங்கச்சியின் குடத்துத் தண்ணீர் படியெல்லாம் சிந்தியது. வலக்காலை எடுத்து வைத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆமிக்காரர் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். உயரமான ஒருவனின் இரும்புத் தொப்பி நிலையில் 'ணங்' என்று முட்டியது, காக்காவுக்கு உயிர் போய் வந்தது. பிறகு வீட்டைச் சோதனை போட்டார்கள். சோதிக்க என்ன இருக்கிறது? அறைகளுக்காகக் காக்கா தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடுதான். "இது என்ன?" "குசினி, ஐயா." குசினியைக் குனிந்து பார்த்தார்கள். "இது?" "சாமியறை." அதைச் சுற்றிப் போனார்கள். பின்கதவு இன்னும் வைக்கவில்லை என்பதால் வந்த கதவாலேயே திரும்பிப் போனார்கள்.

போகும்போது ஒபிசர் என்னைக் காட்டி, "நீ வா" என்றார்.

அதற்குப் பிறகு சிரிப்பில்லை. ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் இருத்தினார்கள். முகம் மூடிய ஒருவன் முன்னால் இருந்தான், அவன் தலையாட்டினால் ஆளைத் தனியே எடுப்பார்கள். என் முறை வந்தபோது அவன் தலை அசையவில்லை. என்னோடு வரிசையில் வந்த பக்கத்து ஒழுங்கைப் பொடியன் அதோடு வீட்டுக்கு வரவேயில்லை. அவனுடைய தாயைக் கண்டால் நான் இப்போதும் வேறு பக்கம் பார்ப்பேன்.

பின்னேரம் நான் வந்தபோது மாமி போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். படியில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி, முடிவு?"

"எங்கட புள்ளதான் முதல் கால் வெச்சது. பின்னால ஆரு வந்த எண்டு நான் பாக்கல்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கலியாணம் நடந்தது. சுவர் எழும்பியது, கொஞ்சம் கோணல்தான், அதில் எனக்கும் பங்குண்டு. மருமகன் அந்த வீட்டில்தான் பிறந்தான். பிறகு ஒரு நாள் ஷெல் வந்து விழத் தொடங்க, கைக்கு அகப்பட்டதோடு எல்லாரும் ஓடினோம். தங்கச்சி அந்த ஓட்டத்திலும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள்.

முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். கூரை இல்லை, ஓடு இல்லை, யன்னல் இல்லை. ஷெல் உடைத்தது போக மிச்சக் கல்லைக்கூட ஆரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கதவு மட்டும் நிலையோடு நின்றது, பூட்டியபடியே. சுவரைக் களவெடுத்தவன் பூட்டைக் கண்டு கதவை விட்டுவிட்டான். காக்காவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் ஏறாவூர்ப் பாதை இடையில் எத்தனையோ தரம் மூடித் திறந்து, அவர் மவுத்தாகி அடக்கமான செய்திதான் எனக்குக் கிடைத்திருந்தது.

தங்கச்சியின் புருசன், என் மச்சான், சுவர் நின்ற இடத்தால் உள்ளே காலை வைத்தார். தங்கச்சி கத்தினாள்: "அங்கால போகாதீங்க! கதவத் துறக்கிறன்."

மனிசன் காலை எடுத்துவிட்டு வெளியே வந்தார். அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள், பூட்டு முரண்டு பிடித்துத் திறந்தது. வலக்காலை வைத்தாள். நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரிசையில் போனோம்.

அந்தக் கதவும் இப்போது இல்லை. பிறகு வந்த தகரக் கொட்டிலுக்கு அது பொருந்தவில்லை, முந்திரிக் கசுமரத்தடியில் சாத்தி வைத்தோம், கறையான் தின்றுவிட்டது. படியைக் கம்பனிக்காரன் உடைத்து நிலத்துக்குள் போட்டுவிட்டான். நூல் கட்டிய காக்கா இல்லை, அம்மா இல்லை, மாமி இல்லை.

போன மாதம் மருமகன் தாயின் விரலையும் கதவுக்குப் பழக்கப் பார்த்தான். வேலை செய்து தேய்ந்த விரல், கதவு அவளைத் தெரியாதென்றது. தேநீர் கொண்டு வந்து வைக்கக் குனிந்தபோது அவளுடைய இடுப்பில் அந்தப் பழைய சாவி தெரிந்தது.

"இதை ஏன்டி இன்னும் வெச்சிரிக்காய்?"

அவள் சீலையை இழுத்துச் சாவியை மூடினாள்.

"எறியலாம்தான் அண்ணா. எறிஞ்சா, வீடு துறந்து கிடக்கிற மாதிரி இரிக்கி."